உச்சம் கண்ட ஷரபுத்தீன் அத்தூசி

அண்ணாமலை நகரிலாயினும் வேறெந்தப் பல்கலைக்கழகத்திலாயினும், நுண்கணித வகுப்பில் மீப்பெரு, மீச்சிறு மதிப்புகள் கற்பிக்கப்படுகையில் ஃபெர்மா, நியூட்டன், லைப்னிட்ஸ் ஆகியோரின் பெயர்களே நம் மாணவர் செவிகளில் விழுகின்றன. அவர்களுக்கு நானூறு ஆண்டுகளுக்கும் மேல் முற்பட்ட ஷரபுத்தீன் அத்தூசியைப் பலரும் அறியார். மராகாவில் வானாய்வுக் கூடம் நிறுவிய நஸீருத்தீன் அத்தூசி வேறு, இவர் வேறு.

ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டில் திமிஷ்கிலும் ஹலபிலும் மோசூலிலும் கற்பித்த இவர், முப்படிச் சமன்பாடுகள் குறித்து ஒரு நூல் யாத்தார். அவற்றின் விடைகளை உமர் கய்யாம் கூம்பு வெட்டுகளின் துணையால் முன்பே காட்டியிருந்தார். விடை எப்போது உண்டு, எப்போது இல்லை என வரையறுப்பதை இவர் தம் பணியாகக் கொண்டார்.

12 முழக் கோலொன்றை இரு துண்டாக்குவோம். ஒரு துண்டின் வர்க்கத்தை மற்றத் துண்டால் பெருக்கி 257 பெற முடியுமா? 7, 5 எனின் 245. 9, 3 எனின் 243. 8, 4 எனின் 256. மூன்றில் இரண்டு பங்கில் வெட்டும்போதே பெருக்கம் உச்சமடைகிறது. 257 ஒருபோதும் வாராது. 256க்கு ஒரே விடை, அதற்குக் குறைந்த எண்ணுக்கு இரண்டு. எண்கள் நம்முடையவை, விதி அவருடையது. வெட்டுமிடம் சற்றே கூடினும் குறையினும் பெருக்கம் தாழும் என்பதை அவர் வடிவியல் வழியே நிறுவினார். அவ்விடத்தை எவ்வாறு கண்டடைந்தார் என்பதை மட்டும் சொல்லாது விட்டார்.

அந்த மௌனமே வாதத்திற்கு இடமாயிற்று. 1986இல் நூலைப் பதிப்பித்த ருஷ்தி ராஷித், அவர் வகைக்கெழுவை அறிந்திருந்தார் என்றார். யூக்ளிட் வழிப்பட்ட வடிவியலே அதற்குப் போதுமென 1989இல் யான் ஹோகெண்டைக் மறுத்தார். நாம் பின்னவர் பக்கமே சாய்கிறோம். வகைக்கெழு நம்மவர் கண்டது என்று மேடையில் முழங்குவது இனிக்கத்தான் செய்யும். ஆயினும் ஒவ்வோர் அறிவிப்புக்கும் ஸனது கேட்ட சமுதாயம், இங்கு மட்டும் கேளாதிருக்கலாமா?

எல்லை காணும் கணக்கெல்லாம் வகைக்கெழுவின் உடைமையுமன்று. 1929 முதல் 1941 வரை அண்ணாமலை நகரில் பணியாற்றிய எஸ்.எஸ். பிள்ளை, எந்த முழு எண்ணையும் ஆறாம் படிகளின் கூட்டுத்தொகையாக எழுதக் குறைந்தது எத்தனை வேண்டும் என்ற வினாவிற்கு, 73 போதும் என 1940இல் நிறுவினார். வகைக்கெழுவைச் சுழியாக்கிப் பெறும் மீச்சிறு மதிப்பன்று அது. அதனால் அவர் புகழ் குறைந்துவிடவில்லை.

ஷரபுத்தீனிடம் மோசூலில் கற்றவர் கமாலுத்தீன் இப்னு யூனுஸ். அவரிடம் கற்றவரே நஸீருத்தீன் அத்தூசி.