யானைத் தடம் வாசித்த பணிக்கர்மார்

வடபுலத்து முஸ்லிம்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் வியாபாரத்தில் தொடங்கி வியாபாரத்திலேயே முடித்துவிடுகின்றனர். கப்பலும் கடையும் நமது வரலாற்றில் உண்டு, ஐயமில்லை. ஆனால் காடும் உண்டு. இலங்கையின் வடக்கிலும் வடமேற்கிலும் இருந்த சோனகக் கிராமங்களில் 'பணிக்கர்' எனப்பட்ட யானை பிடிப்போர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தனர். ஆங்கிலேயர் ஆட்சியில் வேட்டைக்கு வந்த துரைமார் வழிகாட்டிகளாகத் தேடிப் போனதும் இவர்களைத்தான்.

யாழ்ப்பாணக் குடாநாடு யானைக்காடு அல்ல. ஆயினும் அதன் வாசலுக்கே ஆனையிறவு என்று பெயர். வன்னிக் காடுகளில் பிடிபட்ட யானைகள் அந்தக் கடல்நீரேரியைக் கடந்தே குடாநாட்டுக்குள் கொண்டுவரப்பட்டன. 1619 இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயருக்கும், 1658 இல் அவர்களை வெளியேற்றிய ஒல்லாந்தருக்கும் யானை பெரும் வருமானம். வன்னியத் தலைவர்கள் திறையாக யானை செலுத்தினார்கள். கோல்கொண்டாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வணிகர்கள் வந்து வாங்கினார்கள். ஊர்காவற்றுறையில் யானைகள் கப்பலேறின. இந்த வியாபாரம் முழுவதும் காட்டுக்குள் யானையின் அடி பார்த்து நடக்கத் தெரிந்த சிலரின் திறமையை நம்பியே இருந்தது.

அந்தத் திறமை எத்தகையது என்பதை ஓரளவு விரிவாக எழுதி வைத்தவர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட். 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்தவர். 1859 இல் வெளிவந்த 'சிலோன்' என்ற அவரது நூலில் சோனகப் பணிக்கர்களைப் பற்றிய பக்கங்கள் இருக்கின்றன. ஆசிரியர் கலாசாலையில் பயின்று, சான்றிதழ் பெற்று, அதன் பிறகே வகுப்பறைக்குள் நுழைந்தவன் நான். அந்தப் பக்கங்களைப் படிக்கும்போதெல்லாம், இந்தப் பணிக்கர் எந்தப் பரீட்சையில் தேறியவர் என்ற கேள்வி எனக்குள் எழும்.

முதற் பாடம் கண். காய்ந்த சருகு மூடிய நிலத்தில், பிறர் கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இடத்தில், பணிக்கர் ஏறக்குறைய ஓட்டமாகவே தடத்தைத் தொடர்வார். வளைந்த ஒரு சுள்ளி போதும். யானையின் வாயிலிருந்து விழுந்த இலையில் பல் அழுந்திய அடையாளத்தையும் அவர் கண்டுகொள்வார். தடம் தவறினால் வட்டமிட்டுச் சுற்றி, புதிய அடையாளத்தைக் கண்டு மறுபடி புறப்படுவார்.

இரண்டாவது காற்று. யானைக்கு மோப்பம் அதிகம்; காற்றுக்கு எதிர்முகமாகத்தான் அதை நெருங்க வேண்டும். காற்று அசைவதே தெரியாத வேளையில், மெல்லிய சிலந்தி இழையொன்றைத் தொங்கவிட்டு, அது சாயும் பக்கத்தைப் பார்த்து வழியைத் தீர்மானிப்பார்கள்.

மூன்றாவது கணக்கு. யானையின் முன்னங்காற் சுவட்டின் சுற்றளவை இரட்டித்தால் ஏறத்தாழ அதன் தோள் உயரம் வரும். சேற்றில் பதிந்த சுவட்டின் சுற்றளவு நாலரை அடியானால், யானையின் உயரம் ஒன்பது அடி. கூட்டத்தைக் காணுமுன்பே அதில் எத்தனை யானை, எவ்வளவு பெரியவை என்று பணிக்கர் சொல்லிவிடுவார். இன்றும் ஆசிய யானையின் உயரத்தைக் கணிக்க இதே முறை பயன்படுகிறது.

நான்காவது தகுதியே என்னை அதிகம் யோசிக்க வைத்தது. சில வேளைகளில் பணிக்கர் யானையின் பின்னங்கால்வரை நெருங்கிப் போய், அதைக் கையால் தட்டி, தம்மை நோக்கித் திரும்ப வைப்பார். திரும்பிய நெற்றியில் துரை சுட வேண்டும். குறி பிசகினால் பணிக்கரின் உயிர் போய்விடும். ஆகவே, துப்பாக்கி பிடித்தவரிடம் நம்பிக்கை இருந்தால் மட்டுமே அவர் இதற்குத் துணிந்தார் என்கிறார் டெனன்ட். அதாவது, துரை வழிகாட்டியைத் தெரிவு செய்தது போலவே வழிகாட்டியும் துரையை எடைபோட்டார். மிருகத்தை மட்டுமல்லாமல், தன் முதுகுக்குப் பின்னால் நிற்கும் மனிதனையும் அறிந்திருப்பதே வழிகாட்டியின் தலையாய தகுதி.

இந்த அனுபவம் வேட்டையில் மட்டும் பிறந்ததல்ல. பணிக்கர்களின் பரம்பரைத் தொழில் யானையை உயிரோடு பிடிப்பது. மரைத்தோலிலோ எருமைத்தோலிலோ செய்த வார்க்கயிறு ஒன்றுதான் ஆயுதம். இரண்டே பேர், வேறு துணையின்றி, பெரிய யானையின் பின்னங்காலில் சுருக்கிட்டுப் பிடிக்கத் துணிந்தனர். யானைக்கு ஊறு வந்தால் விலையில்லை. ஆகவே அதன் பயம், கோபம், களைப்பு எல்லாம் அவர்களுக்கு அத்துபடியாயிருந்தன. மலையாளத்தில் பணிக்கர் என்ற சொல் களரி கற்பிக்கும் ஆசானையும் குறிக்கும். நம்மவர்க்கும் அப்பெயர் பொருந்தும்.

இந்தப் பெருமையின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். தலைக்குச் சில ஷில்லிங் என்று அரசாங்கம் சன்மானம் அறிவித்ததால், 1848க்கு முந்திய மூன்று வருடத்துக்குள் வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500க்கு மேற்பட்ட யானைகள் கொல்லப்பட்டதாக டெனன்டே எழுதுகிறார். 1845 இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்த மேஜர் ரொஜர்ஸ் 1,400க்கு மேல் சுட்டதாகச் சொல்வார்கள். தடம் வாசிக்கும் கல்வி உயிரோடு பிடிக்கவும் உதவிற்று; கொன்று குவிக்கவும் உதவிற்று. 1937 ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டம் வந்தது நியாயமே.

ஆனால் சுட்டவரின் பெயர் நூலில் நிலைத்துவிட்டது. முன்னே நடந்தவர் வெறும் 'பணிக்கர்' ஆகவே நின்றுவிட்டார். அவரது ஊர் எது, யாரிடம் கற்றார், எத்தனை பேர் யானைக் காலில் மாண்டனர் என்பதெல்லாம் குடும்பங்களின் வாய்மொழியில் இருந்திருக்க வேண்டும். 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரும் சில நாட்களுக்குள் வெளியேற்றப்பட்டபோது, வீடும் காணியும் பறிபோனதுடன் அந்த வாய்மொழியும் சிதறியது. புத்தளத்து முகாம்களில் பிறந்த பிள்ளைகளுக்கு மூதாதையர் நடந்த காடே தெரியாது.

கிழக்கே ஏறாவூர்ப் பணிக்கர்களின் பெயரையாவது நம்மில் பலர் கேட்டிருக்கிறோம். வடக்கின் பணிக்கர்களைப் பற்றி நாம் இனித்தான் எழுத வேண்டும். மன்னார், முசலி, முல்லைத்தீவுப் பக்கத்து வயோதிபர்கள் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள். கயிற்றுக்கும் சுருக்குக்கும் தடத்துக்கும் அவர்கள் வழங்கிய சொற்களை, தெரிந்த பெயர்களை, ஒரு கொப்பியில் எழுதி வைக்க பட்டம் தேவையில்லை. அந்த வட்டாரங்களில் கற்பிக்கும் ஆசிரியர்கள் தம் மாணவர்களைக் கொண்டே இதைத் தொடங்கலாம். நாங்கள் இந்த மண்ணுக்குக் கடை போட வந்தவர்கள் என்று சொல்வோருக்கு, இந்தக் காட்டின் சருகையும் காற்றையும் அறிந்திருந்தோம் என்று பெயரும் ஊரும் சொல்லிப் பதிலளிக்க அது உதவும்.