தோற்ற தேர்தலுக்குப் பின் வந்த சட்டங்கள்: சமத்துவ மணமும் கீழத்தஞ்சையும்



தேர்தலில் தோற்ற பிறகு கூடும் ஒவ்வொரு கூட்டத்திலும் ஓர் இளைஞர் எழுந்து கேட்கிறார்: "மக்களே வேண்டாம் என்று வாக்களித்த பிறகு நாம் யாருக்காகப் பேசுகிறோம்?" சாதி மறுத்து மணந்தவர்கள் இதைக் கேட்கும்போது அதில் அச்சமும் கலந்திருக்கிறது. சொந்த ஊருக்குத் திரும்ப முடியுமா என்பதே அவர்களுக்குத் தேர்தல் முடிவு. இந்த நினைவுச் சொற்பொழிவில் அக்கேள்விக்கு வரலாற்றில் விடை தேடுகிறோம்.

சாதியை ஒழிக்கக் கலப்பு மணமே உண்மையான மருந்து என்று 1936இல் எழுதினார் அண்ணல் அம்பேத்கர். சட்ட அமைச்சரானபோது அந்தக் கருத்தை இந்து சட்டத் தொகுப்பு மசோதாவில் கொண்டுவந்தார். சாதி கடந்த மணத்துக்கு ஏற்பு, மணவிலக்கு உரிமை, மகளுக்குச் சொத்து ஆகியவை அதில் இருந்தன. மசோதா கைவிடப்பட்டது, 1951 செப்டம்பரில் அவர் பதவி விலகியதற்கு ஒரு முக்கியக் காரணம். அடுத்து வந்த முதல் பொதுத்தேர்தலில் வடக்கு பம்பாயில் சுமார் 15,000 வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். 1954இல் பண்டாரா இடைத்தேர்தலிலும் தோல்வி.

ஆனால் அதே 1954இல் சிறப்புத் திருமணச் சட்டம் வந்தது. 1955இல் இந்து திருமணச் சட்டமும், 1956இல் வாரிசுரிமைச் சட்டமும் வந்தன. முதல் தேர்தலில் பூல்பூர் தொகுதியில் நேருவை எதிர்த்த துறவி ஒருவர், இந்து சட்ட மசோதா எதிர்ப்பையே முழக்கமாக வைத்துத் தோற்றுப்போனார். மசோதாவுக்காகப் பதவியை விட்டவரும் தோற்றார், அதை எதிர்த்தவரும் தோற்றார். ஆகவே வாக்குப்பெட்டியை ஒரே கோரிக்கைக்கான தீர்ப்பாக வாசிப்பது தவறு. மசோதா துண்டு துண்டாக, வலுக் குறைந்து, பிறர் கையால் நிறைவேறியது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. எழுதி வைத்த வரைவு இருந்ததால்தான் அதுவும் நடந்தது.

தமிழ்நாட்டிலும் இதே பாதைதான். 1928 முதல் நடந்துவந்த சுயமரியாதைத் திருமணங்கள் செல்லாது என்று 1950களில் சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது. தீர்ப்பைக் கேட்டு நம் மக்கள் மணம் செய்வதை நிறுத்தவில்லை. 1962 தேர்தலில் அண்ணா காஞ்சிபுரத்தில் தோற்றார். அவரே 1967இல் முதல்வராகி, அத்திருமணங்களை ஏற்கும் 7அ பிரிவைக் கொண்டுவந்தார். 1968 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. புரோகிதர் வேண்டாம். உறவினர், நண்பர் முன்னிலையில் இருவரும் தமக்குப் புரியும் மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொன்னாலோ, மாலையோ மோதிரமோ மாற்றினாலோ, தாலி கட்டினாலோ போதும். முன்பு நடந்த திருமணங்களுக்கும் ஏற்பு கிடைத்தது.

கீழத்தஞ்சையில் இதற்கு இன்னொரு பொருள் உண்டு. திருமணத்துக்கு மிராசுதாரிடம் வாங்கிய கடனே பல பண்ணையாட்களைப் பண்ணையில் கட்டிப்போட்டது. செலவில்லாத மணம் அங்கே பகுத்தறிவோடு விடுதலைக்கும் வழி.

அதே 1968 டிசம்பர் 25 இரவில்தான் கீழவெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டனர். கூலியாகக் கூடுதல் நெல் கேட்டதும் சங்கம் வைத்ததும்தான் அவர்கள் செய்த குற்றம். மணம் செய்யும் உரிமையைச் சட்டம் தந்த ஆண்டிலேயே, உயிரோடிருக்கும் உரிமையை ஊர் மறுத்தது. 1973இல் உயர்நீதிமன்றம் முதன்மைக் குற்றவாளியாகக் கருதப்பட்ட மிராசுதாரை விடுவித்தது. நம்பிக்கை பற்றிப் பேசுகிறவர்கள் இந்த ஆண்டுகளை மறக்கக் கூடாது.

இன்றைய நிலை என்ன? 7அ பிரிவு, சட்டப்படி இந்து எனப்படும் இருவருக்குத்தான். மணமக்களில் ஒருவர் தலித் கிறித்தவராகவும் மற்றவர் இந்துவாகவும் இருந்து, மதம் மாறாமல் மணக்க விரும்பினால் சிறப்புத் திருமணச் சட்டத்துக்குப் போக வேண்டும். தஞ்சைப் பகுதியில் இது அரிதான நிலை அல்ல. அங்கே 30 நாள் அறிவிப்பு. பெயரும் முகவரியும் அலுவலகப் பலகையில் ஒட்டப்படும். வேறு மாவட்டத்தில் நிலையாக வசிப்பவர் என்றால் அங்கும் ஒரு பிரதி போகும். யாருக்குத் தெரியக் கூடாதோ அவர்களுக்கே அரசு தகவல் சொல்லிவிடுகிறது. அம்பேத்கர் காலத்துச் சட்டத்தில் நாம் திருத்த வேண்டிய இடம் இது.

2019இல் மதுரைக் கிளை ஓர் ஆணும் திருநங்கையும் செய்த திருமணத்தை இந்து திருமணச் சட்டத்தின்கீழ் ஏற்றது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், சுயமரியாதைத் திருமணம் ஊரறிய அறிவித்து நடக்க வேண்டியதில்லை என்றது. அடுத்த அக்டோபரில் அதே நீதிமன்றம், தன்பாலின இணையரின் திருமணத்தை ஏற்க மறுத்து நாடாளுமன்றத்தைக் கைகாட்டியது. சுயமரியாதைத் திருமணத்துக்கு 1950களில் கிடைத்த பதிலை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இது முடிவாகத் தோன்றாது. அவர்கள் கோரிக்கையை நம் கோரிக்கைக்கு வெளியே நிறுத்தினால், நம்மை ஊருக்கு வெளியே நிறுத்தியவர்களின் வேலையையே நாம் செய்கிறோம்.

எனவே அந்த இளைஞருக்கு நாம் சொல்வது இதுதான். அடுத்த தேர்தல் வரை காத்திருக்க வேண்டாம். 30 நாள் அறிவிப்பை நீக்கும் திருத்தத்தையும் ஆணவக்கொலைக்கு எதிரான தனிச்சட்டத்தையும் எழுதி வைத்துக்கொண்டு எல்லாக் கட்சிகளின் கதவையும் தட்டுவோம். பதிவு அலுவலகத்துக்கு வரும் இணையருக்குச் சாட்சியாக நிற்போம். அவர்கள் தங்க நம் வீடுகளில் இடம் கொடுப்போம். 1928க்கும் 1968க்கும் இடையில் 40 ஆண்டுகள், சட்டம் இல்லாமலே நம் முன்னோர் மணமேடை போட்டார்கள். அந்த மேடைகளைப் பார்த்துத்தான் சட்டம் பின்னால் வந்தது.

ஜெய்பீம்.