மந்தை நல மேலாண்மைப் பயிற்சி

மந்தை நல மேலாண்மைப் பயிற்சி என்பது, ஒரு பண்ணையின் மாடுகள் அனைத்தையும் ஓர் அலகாகக் கொண்டு அவற்றின் நலத்தையும் உற்பத்தியையும் பேணுவதற்குக் கால்நடை மருத்துவர்களுக்கு அளிக்கப்படும் பயிற்சி ஆகும். நோயுற்ற தனி மாட்டுக்கு மருத்துவம் செய்வது இதில் ஒரு சிறு பகுதி மட்டுமே. பன்றி, கோழி வளர்ப்பிலும் இத்தகைய முறை உண்டு. எனினும் இக்கட்டுரை பால்மாட்டுப் பண்ணைகளைப் பற்றியது.

தேவை

மரபான முறையில் உழவர் அழைத்த பின்னரே மருத்துவர் வருவார். ஆனால் பண்ணைக்குப் பேரிழப்பைத் தருபவை பெரும்பாலும் நோயுற்றதாகத் தோன்றாத மாடுகளே. அறிகுறி காட்டாத மடிநோயில் மடி வீங்குவதில்லை. பாலின் நிறமும் மாறுவதில்லை. கறவை மட்டும் குறைகிறது. பாலில் உள்ள உடலணுக்களை எண்ணினால்தான் இது புலப்படும். மில்லிலிட்டருக்கு 2,00,000 அணுக்களுக்கு மேல் இருந்தால் அம்மாட்டின் மடியில் நோய்த்தொற்று இருக்கலாம் எனக் கருதுவது வழக்கம். ஷாம், நூர்லாண்டர் ஆகியோர் 1957இல் வெளியிட்ட கலிபோர்னியா மடிநோய்ச் சோதனையின் மூலம் தொழுவத்திலேயே இதனை ஓரளவு கண்டறியலாம்.

சினைப்பிடிப்பு மற்றொரு எடுத்துக்காட்டு. ஒரு பண்ணையில் 21 நாள் சுழற்சிக்குள் சினைப்பருவத்துக்கு வரும் மாடுகளில் பாதி மட்டுமே கண்டறியப்படுகின்றன என்றும், கருவூட்டப்பட்டவற்றில் 40% சினைப்படுகின்றன என்றும் கொள்வோம். அச்சுழற்சியில் சினைப்படுவது 20% மாடுகளே. மருத்துவர் ஒவ்வொரு மாட்டின் கருப்பையையும் சோதித்தாலும் குறை எதுவும் தென்படாது. குறை மாட்டில் இல்லை. காலையிலும் மாலையிலும் மாடுகளைக் கவனிக்க ஆள் இல்லாததில் உள்ளது.

வரலாறு

ஆத்திரேலியாவின் மெல்பேர்ண் பல்கலைக்கழகத்தில் டக்ளஸ் பிளட், ரோஜர் மோரிஸ் முதலியோர் 1960களில் திட்டமிட்ட பண்ணை வருகை என்னும் கருத்தை வளர்த்தனர். கனடாவின் சஸ்காட்சுவான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஓட்டோ ராடோசிட்சுடன் இணைந்து பிளட் எழுதிய மந்தை நலம் பற்றிய பாடநூல் 1985இல் வெளிவந்தது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகமும் இத்துறையில் முன்னோடியாகும். அங்குள்ள பிராண்ட், நூர்டுஹவுசன், சுக்கன் ஆகியோர் தொகுத்த நூல் 1996இல் வெளியானது. ஐரோப்பிய மாட்டு நல மேலாண்மைக் கல்லூரி 2003இல் நிறுவப்பட்டது. பெயர் கல்லூரி என்றிருப்பினும் இது கட்டடமும் வகுப்பறையும் கொண்ட நிறுவனம் அன்று. சிறப்பு மருத்துவர்களைத் தேர்வு செய்து சான்றளிக்கும் அமைப்பாகும்.

பயிற்சி முறை

பயிற்சியாளர் முதலில் கற்பது பதிவேடுகளைப் படிப்பதே. கன்று ஈன்ற நாள், கருவூட்டிய நாள், பால் அளவு, கழிக்கப்பட்ட மாடுகளும் அதற்கான காரணமும் ஆகியவற்றிலிருந்து சிக்கல் எந்தக் கட்டத்தில் தொடங்குகிறது என்பதைக் கண்டறிய வேண்டும். அதன் பிறகே தொழுவத்துக்குள் நடக்க வேண்டும். எத்தனை மாடுகள் படுத்து அசைபோடுகின்றன, எத்தனை நொண்டுகின்றன, தீவனத் தொட்டியில் எஞ்சியிருப்பது என்ன ஆகியவை குறிக்கப்படுகின்றன. உடல் சதைப்பற்றும் நடையும் 1 முதல் 5 வரையான மதிப்பெண்களால் அளவிடப்படுகின்றன. ஒரே மாட்டுக்கு இரு மாணவர்கள் வேறுபட்ட மதிப்பெண் தருவது இயல்பாதலால், கண்ணைப் பழக்குவதற்கே நெடுநேரம் செலவாகிறது.

எத்தனை மாடுகளைச் சோதித்தால் போதும் என்பதும் பாடமாகும். அமெரிக்காவின் விசுகான்சினைச் சேர்ந்த காரெட் ஓட்செல் 2004இல் விளக்கிய முறைப்படி, அண்மையில் ஈன்ற 12 மாடுகளின் குருதியில் கீட்டோன் அளவு பார்க்கப்படுகிறது. ஒன்றில்கூட மிகுதி இல்லையெனில் மந்தையில் சிக்கல் இல்லை எனக் கொள்ளலாம். மூன்று அல்லது அதற்கு மேற்பட்டவற்றில் மிகுந்திருந்தால், ஈனுவதற்கு முன்னும் பின்னும் அளிக்கப்படும் தீவனத்தை ஆராய வேண்டும். ஒன்று அல்லது இரண்டு எனில் முடிவு ஐயத்திற்குரியது. மேலும் சில மாடுகளைச் சோதிப்பது நன்று.

பயிற்சியின் கடினமான பகுதி உழவரோடு உரையாடுவதாகும். பத்து அறிவுரைகள் எழுதித் தரும் மருத்துவரைவிட, உழவரால் அடுத்த வருகைக்குள் செய்து முடிக்கக்கூடிய ஒன்றைக் கூறும் மருத்துவரே பயன்படுகிறார். படுக்கை மணலை மாற்றுவதா, கறவையாளரின் பழக்கத்தை மாற்றுவதா என்பது பணத்தையும் வேலையாட்களையும் பொறுத்தது. பெரும்பாலும் மாதம் ஒருமுறை அமையும் வருகைகளில், முன்னர் கூறியது நிறைவேறியதா என்பதே முதலில் பார்க்கப்படுகிறது.

வருமானமும் மருந்தும்

நோய் குறைந்தால் மருத்துவரின் வருமானமும் குறையும் என்பது பழைய முறையின் முரண்பாடு. மருந்து விற்பனையில் ஈட்டிய இலாபம் இதனை மேலும் சிக்கலாக்கியது. டென்மார்க் 1995இல் கால்நடை மருத்துவர்களின் மருந்து விற்பனை இலாபத்துக்கு வரம்பு விதித்தது. 2010 முதல் அங்குள்ள பெரிய பண்ணைகள் கால்நடை மருத்துவருடன் நல ஆலோசனை ஒப்பந்தம் செய்துகொள்வது கட்டாயமாயிற்று. நோயற்ற மந்தைக்கு வழக்கமாக நுண்ணுயிர் எதிர்ப்பி கொடுப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2022 சனவரி 28 முதல் தடை செய்துள்ளது. இதனால் கறவை வற்றும் காலத்தில் எல்லா மாடுகளின் மடியிலும் மருந்து செலுத்தும் பழைய வழக்கமும் முடிவுக்கு வந்தது. எந்த மாட்டுக்கு மருந்து தேவை என்பதை உடலணு எண்ணிக்கையைக் கொண்டு முடிவு செய்வது இப்போது அங்குப் பணியாற்றும் மருத்துவரின் அன்றாட வேலையாகும்.