வெப்புநோயும் கழுகுமலைச் சான்றும்

கி. பி. 7-ஆம் நூற்றாண்டிற் பாண்டியன் நெடுமாறனுக்குற்ற வெப்புநோயைத் திருஞானசம்பந்தப் பிள்ளையார் திருநீற்றால் தீர்த்தருளினார் என்பது திருத்தொண்டர் புராண வரலாறு. அரசன் மேனியின் இடப்பாகத்தைச் சமணரும் வலப்பாகத்தைப் பிள்ளையாரும் ஏற்றனர். பீலி தடவிய பாகம் கொதித்தது; நீறணிந்த பாகம் குளிர்ந்தது. அரசன் எவர் பெருமையையும் கேட்டுத் துணிந்தானல்லன். தன் மெய்யிற் கண்டே துணிந்தான்.

பின்னர் அனல்வாதத்தினும் புனல்வாதத்தினும் தோற்ற சமணர் எண்ணாயிரவர் கழுவேறினரென்றும் அப்புராணம் கூறும். சேக்கிழார் அதனைப் பாடியது 12-ஆம் நூற்றாண்டில். பிள்ளையார் பதிகங்களிற் சமணக் கண்டனம் மிகுதியும் உண்டு. கழுவேற்றச் செய்தி இல்லை.

இடைசெவல் முதலிய ஊர்களையுடைய கோவிற்பட்டிக் கரிசற்புலத்தின் மேற்கே கழுகுமலை உள்ளது. அதன் பாறையிற் கி. பி. 8, 9-ஆம் நூற்றாண்டுகளிலே தீர்த்தங்கரர் உருவங்கள் செதுக்கப்பெற்றன. சமண ஆசிரியர்களாகிய குரவரும் குரத்தியரும் வட்டெழுத்திற் குறிக்கப்பெற்றனர். ஒற்றைக்கற் சிவாலயமாகிய வெட்டுவான்கோயிலும் அம்மலையிலேயே எழுந்தது. ஆகவே பாண்டிநாட்டிற் சமணம் பிள்ளையார் காலத்தோடு ஒழிந்திலது என்பது தெளிவு.

காட்சி, கருதல், உரை என்னும் அளவைகளைச் சிவஞான சித்தியார் முதற்கண் வைத்தது, எப்பொருளையும் ஆராய்ந்து கொள்ளுதற்கன்றோ? திருநீற்றின் பெருமை அன்பர்க்கு அநுபவம். அதனை நிறுவக் கழுமரம் வேண்டுவதின்று. கல் கூறும் உண்மையை ஒப்புவதாற் சைவத்துக்கு யாதொரு குறைவும் இல்லையென்க.