வசீரிஸ்தானும் இரண்டு சொட்டு மருந்தும்

1/ 2022ல் பாகிஸ்தான் முழுக்க 20 குழந்தைகளுக்கு போலியோ வந்தது. அதில் 17 பேர் ஒரே மாவட்டம், வடக்கு வசீரிஸ்தான். ஆப்கானிஸ்தான் எல்லையை ஒட்டிய பஷ்தூன் பழங்குடிகளின் மலைநாடு. ஏன் அங்க மட்டும் இவ்வளவு? கொஞ்சம் வரலாறு பார்க்கணும். த்ரெட் 👇

2/ 1901ல் பிரிட்டிஷ்காரங்க அங்க ஒரு எல்லைப்புறக் குற்றச் சட்டம் போட்டாங்க. ஒருத்தர் தப்பு செஞ்சா அவரோட குலத்துக்கே தண்டனை. சுதந்திரத்துக்குப் பிறகும் பாகிஸ்தான் அதை விடலை. 2018ல்தான் நீக்கினாங்க. அரசுன்னாலே தண்டிக்க வர்றவங்கதான்னு தலைமுறை தலைமுறையா பழகிப்போன மக்கள்.

3/ 2001ல் ஆப்கன் போர் தொடங்கினதும் தாலிபான், அல் கொய்தா ஆட்கள் எல்லை தாண்டி வந்தாங்க. எதிர்த்துப் பேசின குலப் பெரியவர்கள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டாங்க. ஜிர்காங்கிற ஊர்ப் பஞ்சாயத்து கூடின இடத்திலேயே தற்கொலைத் தாக்குதல் நடந்தது. மேலே அமெரிக்க ட்ரோன். நாலு பேரை உட்கார வெச்சு பேசி முடிக்க ஊரில் ஆள் இல்லாமப் போச்சு.

4/ 2011ல் பின்லேடனைத் தேடின சிஐஏ, அபோட்டாபாதில் ஒரு டாக்டரை வெச்சு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடுற மாதிரி உளவு பார்த்தது. ஊசி போட வர்றவன் ஒற்றன்னு தீவிரவாதிகள் சொல்லிட்டிருந்த புரளிக்கு இதைவிட என்ன ஆதாரம் வேணும்?

5/ 2012 ஜூன். ட்ரோன் தாக்குதல் நிற்கும்வரை போலியோ சொட்டு மருந்துக்குத் தடைன்னு தளபதி ஹாபிஸ் குல் பகதூர் அறிவிச்சார். 2 லட்சத்துக்கும் மேல் குழந்தைகளுக்கு மருந்து போகலை. அந்த டிசம்பரில் கராச்சியிலும் பெஷாவர் பக்கமும் சொட்டு மருந்து ஊழியர்களைச் சுட்டுக் கொன்னாங்க. பெரும்பாலும் பெண்கள்.

6/ 2014ல் பாகிஸ்தானில் 306 போலியோ கேஸ். பாதிக்கு மேல் பழங்குடிப் பகுதியில். இந்தியா போலியோ இல்லாத நாடுன்னு சான்றிதழ் வாங்கினதும் அதே வருஷம்தான்.

7/ அந்த ஜூனில் ராணுவ நடவடிக்கை தொடங்கி, சுமார் 10 லட்சம் பேர் வீட்டை விட்டு வெளியேறினாங்க. பலர் பன்னு நகருக்குப் போனாங்க. வழியில் சோதனைச் சாவடிகளில்தான் பல குழந்தைகளுக்கு வருஷக்கணக்கில் தவறிப்போன சொட்டு மருந்து கிடைச்சது. அகதியானதால் கிடைச்ச மருந்து!

8/ தடை போயிருச்சு, சட்டமும் போயிருச்சு. ஆனா 2022லும் அங்க மருந்து போடாமலே குழந்தை விரலில் மை மட்டும் வெச்சது தெரியவந்தது. பெற்றோரும் ஊழியரும் சேர்ந்தே செஞ்சது. நம்ம ஊர் முகாமிலும் சுண்டு விரலில் மை வைக்கிறோம். அந்த மைக்குப் பின்னாடி இருக்கிறது, கதவைத் தட்டுற நர்ஸம்மாவை அம்மாக்கள் நம்புற நம்பிக்கை. துப்பாக்கி முதலில் கொன்னது அதைத்தான். அதுக்குத் தடுப்பூசி கிடையாது.