எழுதக் கற்றுக்கொடுப்பது யார் வேலை?

கணக்கியல் படிக்கும் மாணவனுக்கு நாலு வரி கோர்வையாக எழுத வரவில்லை. யார் குற்றம்? கணக்கியல் பேராசிரியரைக் கேட்டால் 'அது இங்கிலீஷ் டிபார்ட்மெண்ட் வேலை' என்பார். ஆங்கிலத் துறையைக் கேட்டால் 'பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்' என்பார்கள். பள்ளிக்கூடத்தைக் கேட்டால் 'சிலபஸ் முடிக்கவே நேரம் இல்லை' என்று பதில் வரும். கடைசியில் அந்த மாணவன் எழுதத் தெரியாமலே பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுவான்.

இந்தப் பந்து விளையாட்டு எல்லா நாட்டிலும் உண்டு. ஆனால் அமெரிக்காவில் இது 150 வருட வரலாறாகவே பதிவாகியிருக்கிறது. அந்த வரலாற்றின் நடுவில் 1970களில் ஒரு இயக்கம் கிளம்பியது. ஆங்கிலத்தில் 'ரைட்டிங் அக்ராஸ் தி கரிகுலம்' என்று பெயர். நம் மொழியில் 'பாடந்தோறும் எழுத்து' என்று சொல்லலாம். எழுத்தை ஒரு துறையிடம் ஒப்படைத்துவிட்டு மற்றவர்கள் கைகழுவக் கூடாது, இயற்பியலானாலும் வணிகவியலானாலும் அந்தந்தப் பாடத்திலேயே எழுத்தும் சேர்த்துக் கற்பிக்கப்பட வேண்டும் என்பதுதான் அதன் சாரம்.

ஹார்வர்டில் ஆரம்பித்த தலைவலி

19-ம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்கக் கல்லூரி என்பது சின்ன இடம். மாணவர்கள் பாடத்தை மனப்பாடம் செய்து வகுப்பில் ஒப்பிப்பார்கள், மேடையில் பேசுவார்கள், விவாதிப்பார்கள். வாய்தான் முக்கியம், பேனா அப்புறம்தான்.

1869-ல் சார்லஸ் எலியட் ஹார்வர்டின் தலைவர் ஆனார். வேதியியல் படித்தவர். மாணவர்களே பாடங்களைத் தேர்வு செய்யும் முறையைப் பெரிய அளவில் விரிவாக்கினார். பாடங்கள் தனித்தனித் துறைகளாகப் பிரிந்தன, எழுத்துத் தேர்வு பரவியது. திடீரென்று எல்லாருக்கும் எழுத வேண்டிய கட்டாயம். 1874-ல் ஹார்வர்டில் சேர விரும்பியவர்கள் ஆங்கிலத்தில் ஒரு சிறு கட்டுரை எழுத வேண்டும் என்று ஆனது. 1879-ல் அந்தத் தேர்வை எழுதியவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் தேறவில்லை! நாட்டின் வசதியான குடும்பங்களின் பிள்ளைகள் இவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

நிர்வாகம் கண்டுபிடித்த மருந்து 'இங்கிலீஷ் ஏ' என்ற கட்டுரை வகுப்பு. 1885-ல் அது முதலாண்டுப் பாடம் ஆனது. மற்றப் பாடங்களெல்லாம் விருப்பப் பாடங்களாக மாறிக்கொண்டே போக, 1890களின் கடைசியில் அங்கே எல்லாரும் கட்டாயம் படிக்க வேண்டியதாக மிஞ்சியது கிட்டத்தட்ட இது ஒன்றுதான்.

இதற்கு நடுவில் நிலைமையை ஆராய 3 பேர் கொண்ட ஒரு குழு போட்டார்கள். அதில் ஒருவர் சார்லஸ் பிரான்சிஸ் ஆடம்ஸ், யூனியன் பசிபிக் ரயில் நிறுவனத்தின் தலைவராக இருந்தவர். இன்னொருவர் பத்திரிகை ஆசிரியர் காட்கின். 1892-ல் அறிக்கை வந்தது. பழி முழுக்கப் பள்ளிக்கூடங்கள் மேல். எழுத்து என்பது கீழ்வகுப்பிலேயே முடிந்திருக்க வேண்டிய வேலை, கல்லூரிக்குக் கேவலம் என்ற தொனி.

இந்த நினைப்புதான் அடுத்த 80 வருடங்களுக்கு ஓடியது. எழுத்து என்றால் எழுத்துப்பிழை, நிறுத்தக்குறி, இலக்கணம். முதலாண்டில் ஒரு தடவை ஊசி போட்டுவிட்டால் ஆயுசுக்கும் போதும். ஹார்வர்டைப் பார்த்து மற்றக் கல்லூரிகளும் இதே வழியில் போயின. மற்றத் துறைப் பேராசிரியர்கள் நிம்மதியாகிவிட்டார்கள். 'எழுத்துக்குத்தான் தனி வகுப்பு இருக்கிறதே!'

பெர்க்லியில் ஒரு முயற்சி

நடுவில் யாரும் முயற்சி செய்யவில்லை என்று சொல்ல முடியாது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 1944-ல் வந்த சட்டத்தின் உதவியால் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட முன்னாள் படைவீரர்கள் கல்லூரிகளுக்குள் வந்தார்கள். வகுப்புகள் நிரம்பி வழிந்தன. கலிபோர்னியாவின் பெர்க்லியில் கவிஞரும் பேராசிரியருமான ஜோசபின் மைல்ஸ் முன்னின்று, உரைநடையை மேம்படுத்த ஒரு குழுவை உருவாக்கினார். பல துறைகளிலும் இருந்த உதவி ஆசிரியர்களுக்கு எழுத்தைக் கையாளப் பயிற்சி கொடுத்தார்கள்.

நல்ல யோசனைதான். ஆனால் மூத்த பேராசிரியர்கள் 'உதவியாளர் பார்த்துக்கொள்வார்' என்று ஒதுங்கிவிட்டார்கள். 1960களின் நடுவில் அது முடிந்துபோனது. நாலு பேருடைய ஆர்வத்தை மட்டும் நம்பி, துறைகளின் வேலைமுறையைத் தொடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இது உதாரணம்.

கதவு திறந்தபோது

1969 ஏப்ரலில் நியூயார்க் சிட்டி கல்லூரி வளாகத்தைக் கறுப்பின, போர்ட்டோ ரிக்கோ மாணவர்கள் கைப்பற்றிப் போராடினார்கள். அவர்களுடைய கல்லூரி ஹார்லெம் பகுதியை ஒட்டியே இருந்தது, ஆனால் அந்தப் பகுதிப் பிள்ளைகளுக்கு உள்ளே இடமில்லை. போராட்டத்தின் விளைவாக 1970-ல் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம், நகரின் பள்ளியிறுதி முடித்த எல்லாருக்கும் இடம் உண்டு என்று அறிவித்தது.

வந்தவர்களில் பலர் வீட்டில் வேறு மொழியோ வேறு வழக்கோ பேசியவர்கள். பள்ளியில் எழுதிப் பழக்கமே இல்லாதவர்கள். அவர்களுடைய விடைத்தாள்களைப் பார்த்த சில பேராசிரியர்கள் 'இவர்களுக்குக் கல்லூரி எதற்கு?' என்றார்கள். மினா ஷாக்னெசி என்ற ஆசிரியர் வேறு மாதிரி யோசித்தார். சுமார் 4000 நுழைவுக் கட்டுரைகளை எடுத்து வைத்துக்கொண்டு பிழைகளை வகைப்படுத்தினார். 1977-ல் புத்தகம் வந்தது. அவர் கண்டது இதுதான்: பிழைகள் கண்டபடி வரவில்லை, ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. கேட்ட மொழியையும் தெரிந்த விதியையும் வைத்து மாணவன் தானே ஒரு இலக்கணம் போட்டுக்கொள்கிறான். அவன் முட்டாள் இல்லை, புதியவன். அவ்வளவுதான்.

'எழுதத் தெரியாதவன்' என்ற முத்திரையை வைத்து யாரை வெளியே தள்ளுகிறோம் என்ற கேள்வி இங்கேதான் வெளிச்சத்துக்கு வந்தது. ஹார்வர்டில் பாதிப்பேர் தேறாதபோது பள்ளிக்கூடத்தைத் திட்டினார்கள். ஹார்லெம் பிள்ளைகள் தடுமாறியபோது பிள்ளைகளையே திட்டினார்கள். அந்தத் திறந்த கதவும் முழுசாக நிலைக்கவில்லை. 1976-ல் நகரத்தின் நிதி நெருக்கடியில் கட்டணம் வந்தது. 1990களின் கடைசியில் நான்கு வருடக் கல்லூரிகளில் துணைப்பயிற்சி வகுப்புகளை நிறுத்த முடிவெடுத்தார்கள்.

லண்டனிலிருந்து ஒரு யோசனை

இதே காலத்தில் இங்கிலாந்தில் ஜேம்ஸ் பிரிட்டன் என்ற கல்வியாளரும் அவருடைய குழுவும் 65 பள்ளிகளிலிருந்து, 11 முதல் 18 வயது வரையுள்ள மாணவர்கள் எல்லாப் பாடங்களிலும் எழுதிய சுமார் 2000 எழுத்துகளைச் சேகரித்துப் படித்தார்கள். 1975-ல் முடிவுகள் வந்தன. தகவலைச் சொல்லி முடிக்கும் வகை எழுத்துதான் பெரும்பங்கு. தன் மனதில் ஓடுவதைத் தானே எழுதிப் பார்த்துத் தெளிவடையும் எழுத்து மிக மிகக் குறைவு. இன்னொன்றும் தெரிந்தது. ஏறக்குறைய பாதி எழுத்துகள் மதிப்பெண் போடுகிற ஒரே ஒருவருக்காக எழுதப்பட்டவை. விஷயம் ஏற்கெனவே தெரிந்த ஒருவருக்கு அதே விஷயத்தைத் திருப்பிச் சொல்வது!

இது நமக்கும் புதிதல்ல. 1857-ல் கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் லண்டன் பல்கலைக்கழகத்தை மாதிரியாக வைத்து, தேர்வு நடத்திப் பட்டம் தரும் அமைப்புகளாகவே தொடங்கப்பட்டவை. பாடம் நடத்துபவர் ஒருவர், விடைத்தாளைப் படிப்பவர் முகம் தெரியாத வேறொருவர்.

அமெரிக்காவில் ஜேனட் எமிக் 1977-ல் எழுதிய ஒரு கட்டுரை இந்த யோசனையை அடுத்த படிக்குக் கொண்டுபோனது. கற்ற பிறகு அதைக் காட்டுவதற்காக மட்டும் எழுதுவதில்லை, எழுதுவதே கற்கும் வழிகளில் ஒன்று என்பது அவர் வாதம்.

ஒரு வணிகவியல் உதாரணம். 1 லட்சம் ரூபாய்க்கு வாங்கிய இயந்திரம், 10 வருட ஆயுள், கடைசி மதிப்பு பூஜ்யம். வருடத் தேய்மானம் 10,000 ரூபாய். இதை எல்லாரும் போட்டுவிடுவார்கள். 'இந்த வருடம் பணம் எதுவும் வெளியே போகவில்லையே, பிறகு ஏன் இதைச் செலவாகக் காட்டுகிறோம்? கடை நடத்தும் உங்கள் மாமாவுக்குப் புரியும்படி 5 நிமிடத்தில் எழுது' என்றால் வகுப்பு அமைதியாகிவிடும். சூத்திரம் தெரிந்தவன் யார், விஷயம் புரிந்தவன் யார் என்பது அந்த 5 நிமிடத்தில் தெரியும். ஆசிரியருக்கு மட்டும் இல்லை, எழுதுகிறவனுக்கும்.

பேராசிரியர்கள் மாணவர்களானார்கள்

அயோவா மாநிலத்தின் சென்ட்ரல் கல்லூரியில் 1969-70 வாக்கில் பார்பரா வால்வூர்டு பல துறை ஆசிரியர்களை ஒன்றாக உட்காரவைத்து மாணவர் எழுத்தைப் பற்றி ஒரு கருத்தரங்கு நடத்தினார். இந்த இயக்கத்தின் முதல் கருத்தரங்கு என்று இதைத்தான் சொல்கிறார்கள். பிறகு கார்ல்டன் கல்லூரியில் ஹாரியட் ஷெரிடன், பென்சில்வேனியாவின் பீவர் கல்லூரியில் எலைன் மைமன், மிச்சிகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் டோபி புல்வைலர், ஆர்ட் யங் என்று வரிசையாக வந்தார்கள்.

1975 டிசம்பரில் நியூஸ்வீக் பத்திரிகை, அமெரிக்கப் பிள்ளைகளுக்கு எழுத வரவில்லை என்று அட்டைப்படக் கட்டுரை போட்டு நாட்டையே பதற வைத்தது. அந்தப் பதற்றத்தில் பணமும் வந்தது. பீவர் கல்லூரிக்கு 1977-ல் மத்திய அரசின் நிதி. மிச்சிகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கு ஜெனரல் மோட்டார்ஸ் அறக்கட்டளையின் உதவி.

இவர்களிடம் இரண்டு போக்குகள் இருந்தன. மிச்சிகன் பக்கம் 'கற்பதற்காக எழுது' என்றார்கள். பொறியியல் பேராசிரியர்களையே பட்டறையில் உட்காரவைத்து எழுதச் சொன்னார்கள். மாணவர்கள் பாடக் குறிப்பேட்டில் தங்கள் சந்தேகங்களை எழுதினார்கள், பிழை திருத்தும் பேச்சே கிடையாது. பீவர் பக்கம் 'அந்தந்தத் துறையின் எழுத்தைக் கற்றுக்கொள்' என்றார்கள். 1981-ல் அங்கே ஆங்கிலம், வரலாறு, உயிரியல், உளவியல், தத்துவம் என 5 துறை ஆசிரியர்கள் சேர்ந்தே ஒரு பாடநூல் எழுதினார்கள். ஆய்வகக் குறிப்புக்கு ஒரு ஒழுங்கு, வரலாற்றுக் கட்டுரைக்கு வேறு ஒழுங்கு, தணிக்கை அறிக்கைக்கு இன்னொன்று. இதையெல்லாம் ஆங்கில ஆசிரியர் ஒருவரே எப்படிச் சொல்லித்தர முடியும்?

கணக்கர்களும் வந்தார்கள்

வணிகவியல் படிப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. 1989-ல் அமெரிக்காவின் 8 பெரிய கணக்கு நிறுவனங்கள் சேர்ந்து ஒரு அறிக்கை விட்டன. புதிதாக வருபவர்களுக்கு எண் தெரிகிறது, எழுதவும் பேசவும் வரவில்லை என்பது அதில் ஒரு முக்கியமான குறை. கணக்கியல் கல்வியை மாற்ற 40 லட்சம் டாலர் வரை தருவதாகச் சொன்னார்கள். 1994 மே மாதம் முதல் சிபிஏ தேர்வில் எழுத்துத் திறனுக்கும் மதிப்பெண் வந்தது. 1998-ல் பங்குச்சந்தை ஒழுங்காணையம், முதலீட்டாளருக்கான விளக்க ஆவணத்தின் முக்கியப் பகுதிகள் எளிய ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்று விதி போட்டது. அதற்கான கையேட்டுக்கு முன்னுரை கொடுத்தவர் வாரன் பஃபெட். தன் சகோதரிகளுக்குச் சொல்வதாக நினைத்துக்கொண்டு எழுதுவதுதான் அவர் பழக்கமாம்.

புரியாத எழுத்தால் பணம் இழப்பது சாதாரண மனிதன்தான் என்பதால் இது வெறும் மொழி விஷயம் இல்லை.

பலன் கிடைத்ததா?

1987-ல் எடுத்த ஒரு கணக்கெடுப்பில், பதில் தந்த அமெரிக்கக் கல்லூரிகளில் 38 சதவீதம் இப்படி ஒரு திட்டம் இருப்பதாகச் சொன்னன. 2010-ல் வெளியான அடுத்த கணக்கெடுப்பில் அது 51 சதவீதம். ஹவாய் பல்கலைக்கழகத்தின் மனோவா வளாகத்தில் 1987-ல் தொடங்கிய திட்டத்தில், எழுத்துக்கு முக்கியத்துவம் தரும் வகுப்புகளில் சுமார் 20 பேர் மட்டும் என்று வரம்பு வைத்தார்கள். 60 பேரை வைத்துக்கொண்டு இந்த வேலை நடக்காது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

ஆனால் மிகையாகவும் சொல்லக் கூடாது. 2004-ல் 48 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, எழுதிக் கற்பதால் பலன் உண்டு, ஆனால் சிறிய அளவில்தான் என்று தெரிந்தது. எனக்கு எது புரிந்தது, எது புரியவில்லை என்று யோசித்து எழுதும் பயிற்சிகள் அதிகப் பலன் தந்தன. பக்கம் பக்கமாக எழுதச் சொன்ன இடங்களில் பலன் குறைந்தது. அசைன்மெண்ட் என்ற பெயரில் 40 பக்கம் காப்பி அடிக்கச் சொல்பவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது. கேட்டவுடன் கட்டுரை தயார். 2024 ஜனவரியிலிருந்து சிபிஏ தேர்வில் தனியாக இருந்த எழுத்துப் பகுதியையும் எடுத்துவிட்டார்கள். அப்படியானால் இந்த 150 வருடச் சண்டை முடிந்ததா?

எழுத்து என்பது கடைசியில் ஒப்படைக்கும் தாள் மட்டும்தான் என்றால், ஆம், முடிந்துவிட்டது. அதை இயந்திரமே அழகாகச் செய்துவிடும். ஆனால் பிரிட்டனும் எமிக்கும் சொன்னது வேறு. தேய்மானம் ஏன் செலவு என்று மாமாவுக்கு எழுதிக் காட்டத் திணறுகிற அந்த 5 நிமிடத்தில்தான் மாணவன் படிக்கிறான். அந்தத் திணறலை இயந்திரத்திடம் கொடுத்துவிட்டால் தாள் வந்துவிடும், படிப்பு வராது. ஹார்வர்டு குழு 1892-ல் செய்த தவறும் இதே ரகம்தான். அவர்கள் தாளில் இருந்த பிழைகளை எண்ணினார்கள், எழுதியவன் தலைக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கவில்லை.