சிறுநீரகச் செயலிழப்பு: மரபணுவையும் தாக்கும் ‘ஆக்சிஜனேற்ற அழுத்தம்’

சிறுநீரகம் செயலிழந்தால் ரத்தத்தில் கழிவு தேங்கும் என்பது பலருக்கும் தெரியும். அந்தப் பாதிப்பு உயிரணுவுக்குள் இருக்கும் மரபணு வரை செல்கிறது என்பது அதிகம் பேசப்படாத விஷயம். மலேசியாவில் 50,000க்கும் அதிகமானோர் டயாலிசிஸ் சிகிச்சை பெறுவதால், இதைத் தெரிந்துகொள்வது அவசியம்.

ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்றால் என்ன?

உயிரணுக்கள் ஆக்சிஜனைக் கொண்டு சக்தியை உண்டாக்கும்போது, ‘ஃப்ரீ ராடிக்கல்’ எனும் நிலையற்ற மூலக்கூறுகளும் உருவாகின்றன. அவற்றை அடக்கும் ஆற்றல் உடலுக்கு உண்டு. உற்பத்தி பெருகி, அடக்கும் ஆற்றல் குறைந்தால் ஏற்படுவதே ஆக்சிஜனேற்ற அழுத்தம்.

சிறுநீரக நோயாளிகளுக்கு ஏன் அதிகம்?

• நீரிழிவும் உயர் ரத்த அழுத்தமும் இதைத் தூண்டுகின்றன.
• வெளியேறாத கழிவுகள் உடலில் அழற்சியை வளர்க்கின்றன.
• டயாலிசிஸ் வடிகட்டியில் ரத்தம் படும்போது வெள்ளை அணுக்கள் தூண்டப்படுகின்றன.
• டயாலிசிஸின்போது வைட்டமின் சி வெளியேறிவிடுகிறது. பொட்டாசியத்துக்குப் பயந்து பழம், காய்கறியைக் குறைப்பதால் அந்த இழப்பு எளிதில் ஈடாவதில்லை.

மரபணுவுக்கு என்ன ஆகிறது?

டிஎன்ஏ-வின் நான்கு எழுத்துகளில் குவானின் எளிதில் ஆக்சிஜனேற்றத்துக்கு உள்ளாகும். அப்போது உருவாகும் ‘8-ஓஎச்டிஜி’ என்ற பொருள், டயாலிசிஸ் நோயாளிகளின் ரத்தத்தில் கூடுதலாக இருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. உடல் இச்சேதத்தைச் சரிசெய்ய முயலும். சரியாகாமல் எஞ்சும் சேதம் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டக்கூடும். ஆக்சிஜனேற்ற அழுத்தம் ரத்தக் குழாய்களையும் கெடுக்கிறது. டயாலிசிஸ் நோயாளிகளின் உயிரை அதிகம் பறிப்பது இதய, ரத்தக் குழாய் நோய்களே.

மாத்திரை போதுமா?

இஸ்ரேலில் 196 டயாலிசிஸ் நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், வைட்டமின் இ எடுத்தவர்களுக்கு இதயப் பாதிப்புகள் குறைந்தன. ஆனால் பிற ஆய்வுகளில் அதே பலன் உறுதியாகவில்லை. அதனால் எல்லா நோயாளிகளுக்கும் இது பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை.

‘ஆன்டிஆக்சிடன்ட்’ என்ற பெயரில் விற்கப்படும் டானிக், மூலிகைத் தூள்களைத் தாமாக வாங்கிச் சாப்பிடுவது ஆபத்து. அதிக அளவு வைட்டமின் சி உடலில் ஆக்சலேட்டாக மாறித் தேங்கும். சத்தானது என நம்பப்படும் பெலிம்பிங் பழத்தைச் சிறுநீரக நோயாளிகள் அறவே தவிர்க்க வேண்டும். அதிலுள்ள நச்சு வெளியேற வழியின்றி நிற்காத விக்கல், மனக்குழப்பம், வலிப்பு, மரணம்வரை கொண்டுபோகலாம்.

செய்ய வேண்டியவை

டயாலிசிஸ் நாளையும் நேரத்தையும் குறைத்துக்கொள்ளாதீர்கள். சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வையுங்கள். புகைப்பதை நிறுத்துங்கள். எந்தப் பழம் எவ்வளவு சாப்பிடலாம் என்று உணவியல் நிபுணரிடம் கேளுங்கள்.

நோய் இன்னும் வராதவர்களுக்கும் பொறுப்பு உண்டு. நீரிழிவோ ரத்த அழுத்தமோ உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது கிளினிக்கில் ரத்தத்தில் கிரியேட்டினின், சிறுநீரில் அல்புமின் அளவுகளைச் சோதித்துக்கொள்வது நல்லது. ஆரம்ப நிலையில் சிறுநீரக நோய் வலியோ அறிகுறியோ காட்டுவது அரிது.